வாழவந்திக்கு வாழ வந்தவர்கள்

சேந்தமங்கலத்தில் கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையும் பெண்ணும் மலையேறப் புறப்பட்டார்கள். 1913, ஆகஸ்டு மாதம். கொல்லிமலைக்கு அப்போது வண்டிப் பாதை கிடையாது. கல்லும் முள்ளுமாகச் செங்குத்தாய் ஏறும் ஒற்றையடித் தடம்தான். பெண்ணுக்கு டோலி ஏற்பாடாகியிருந்தது. வழியில் மழை பிடித்துக்கொண்டது. கல்யாண உடை தெப்பலாக நனைந்து, சேறு தெறித்து, உடம்போடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கோலத்தில்தான் அந்தப் பெண் புகுந்த வீட்டுக்குள் கால் வைத்தார்.

பெயர் எவலின். லண்டனில் வசதியான வணிகர் வீட்டுப் பெண். ஓவியம் படித்தவர். சென்னைக்கு மிஷனெரியாக வந்து தமிழ் கற்றுக்கொண்டிருந்தவருக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. மாப்பிள்ளை ஜெஸி பிராண்ட் அவரைவிட ஆறு வயது இளையவர். 1907-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டவர். மருத்துவப் பட்டம் எதுவும் இல்லை. வெப்ப நாட்டு நோய்களுக்கான வைத்தியம் ஒரு வருஷம் படித்திருந்தார், அவ்வளவுதான். இருவரும் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள்.

புது வீடு இருந்த ஊரின் பெயர் வாழவந்தி. ஊர்ப் பெயருக்குள்ளேயே 'வாழ' என்ற சொல் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும். ஏனென்றால் மலையின் பெயருக்கு அந்த நாளில் வேறு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொல்லி என்றால் கொல்வது. ஓரியின் மலை, கொல்லிப்பாவையின் மலை என்று சங்கப் பாடல்களில் அது அழகாகத்தான் வருகிறது. ஆனால் கீழ்நாட்டுக்காரர்கள் அஞ்சியது பாவைக்கு அல்ல, கொசுவுக்கு. மேலே போனவனைக் காய்ச்சல் விடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வியாபாரி போவான், சரக்கை மாற்றிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவான். அதிகாரி வரி கேட்கப் போவார், அவரும் இறங்கிவிடுவார். மலைமேல் தங்கியது மலையாளிகள் என்று சொல்லப்படும் அந்தப் பழங்குடி மக்கள் மட்டும்தான். தினையும் சாமையும் கேழ்வரகும் விதைத்து, பள்ளங்களில் படிப்படியாக வயல் கட்டி நெல் நட்டு, அவர்கள் தங்கள் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே கடவுள் இல்லாத ஊரும் இல்லை. அறப்பளீஸ்வரர் இருந்தார், எட்டுக்கை அம்மன் இருந்தாள், மாசி பெரியசாமி இருந்தார். ஆக, சாமியைப் பற்றிச் சொல்ல மலையேறி வந்த வெள்ளைக்காரத் தம்பதியை மலை மக்கள் கைகட்டி வரவேற்றுவிடவில்லை. முதல் சில வருஷங்களுக்கு, இத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்ப ஜெஸியிடம் எதுவும் இல்லை. ஊர்ப் பூசாரி கடுமையாக எதிர்த்தார். இவர்களோடு சேராதீர்கள் என்று ஜனங்களுக்குச் சொல்லி வைத்தார்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

பதினெட்டு வயதில் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தோடு ஒரு மலைக் கிராமத்துக்கு 'மிஷன் பயணம்' போனேன். ஒரு வேன் நிறையப் பிள்ளைகள். பிஸ்கட் பாக்கெட்டுகள், பழைய துணி மூட்டை, துண்டுப்பிரதிகள், ஒரு கிட்டார். வேன் போகிற தூரம் போய், மிச்சத்தை ஒன்றரை மணி நேரம் நடந்தோம். ஊர் நடுவில் பாட்டுப் பாடினோம், ஜெபித்தோம், பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கொடுத்தோம். ஒரு வயதான அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கெண்டைக்காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினார். பழைய புண். ஓரமெல்லாம் தடித்து நடுவில் சீழ் கட்டியிருந்தது. எங்களில் வைத்தியம் தெரிந்தவர் யாரும் இல்லை. யாரோ பையிலிருந்து தலைவலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, துணியை மறுபடி சுற்றிக்கொண்டே, அடுத்தது எப்போது வருவீர்கள் என்று கேட்டார். சீக்கிரமே வருகிறோம் என்றோம். மூன்று மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்கிவிட்டோம், இருட்டினால் பாதை தெரியாது என்று.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் எங்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். எத்தனை துண்டுப்பிரதி கொடுத்தோம், எத்தனை பேர் கையை உயர்த்தினார்கள் என்று கணக்கு வாசித்தோம். சபை கை தட்டியது. அந்த ஊருக்கு நாங்கள் திரும்பப் போகவே இல்லை. அந்த அம்மாவின் பேரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷமாகிறது. அந்தக் கால் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஜெஸி பிராண்டின் வாழ்க்கையைப் படித்தபோது என்னை உலுக்கியதும் ஒரு கால்தான்.

நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் நம் நாட்டில் இருந்தது. இளம் வாசகர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். குடிநீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீர்ப்பூச்சி ஒன்றின் வயிற்றுக்குள் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். தண்ணீரைக் குடித்தவருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே அது சுமார் ஒரு வருஷம் வளரும். மூன்றடி நீளம், நூல் பருமன். பிறகு பெரும்பாலும் காலில், தீயால் சுட்ட மாதிரி ஒரு கொப்புளம் கிளம்பும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் கொப்புளம் உடைந்து, புழு தலையை நீட்டி ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை அந்தத் தண்ணீரில் விடும். அடுத்தவர் அதே தண்ணீரைக் குடத்தில் மொண்டு போவார்.

மருந்து கிடையாது. வெளியே நீட்டும் புழுவை ஒரு சின்னக் குச்சியில் மெல்லச் சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஓரிரு அங்குலம். அதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். அறுந்த புழு உள்ளேயே அழுகினால் கால் வீங்கிச் சீழ் பிடித்து, ஆளே படுத்துவிடுவார். ஆகவே இன்று கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று வாரக்கணக்கில் சுற்ற வேண்டும். வைத்தியர் தினமும் அதே காலுக்கு முன்னால் குந்தி உட்கார வேண்டும்.

சீக்கிரமே வருகிறோம் என்று சொல்லிவிட்டு இறங்குகிறவரால் செய்ய முடியாத வைத்தியம் இது. ஜெஸியால் முடிந்தது, ஏனென்றால் அவர் வீடு அங்கே இருந்தது.

அவர் குச்சியோடு நிற்கவில்லை. புழு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். படி இறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறுகள், அந்தத் தண்ணீரிலேயே நனையும் புண்பட்ட கால்கள். கல்லடுக்கிக் கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, யாரும் உள்ளே இறங்காமல் வாளியும் கயிறும் போட்டு இறைக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிச் செய்ய வைத்தார். நூறு சுவிசேஷக் கூட்டங்களைவிட அந்த ஒரு கிணற்றுச் சுவர் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. விசுவாசியாக இருந்துகொண்டே இதை எழுதுகிறேன். இந்தியாவில் நரம்புச் சிலந்தியின் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை இந்த நோயற்ற நாடாக அறிவித்தது. கடைசி வரைக்கும் அந்த நோய்க்கு மருந்தோ தடுப்பூசியோ வரவில்லை. ஜெஸி செய்த மாதிரி தண்ணீரைக் காப்பாற்றியே ஒழித்தார்கள்.

பல் பிடுங்குவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, பள்ளிக்கூடம் நடத்துவது, ஆரஞ்சுக் கன்று நடுவது என்று அவர் கை வைக்காத வேலை இல்லை. வீட்டைக் கறையான் அரிக்காமலிருக்க அதைக் கால்கள்மேல் நிறுத்தி, ஒவ்வொரு காலின் தலையிலும் கவிழ்த்த வாணலி மாதிரி உலோகத் தட்டு வைத்தார். மண் சுரங்கம் கட்டிக்கொண்டு மேலே ஏறும் கறையான் அந்த விளிம்பில் தடுமாறி நின்றுவிடும். இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்த பையன் ஒருவன் இருந்தான். 1914 ஜூலை 17 அன்று பிறந்த பால். மரத்தின்மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டு, கீழே நிற்கும் அம்மாவிடம் திருத்தக் கொடுத்து வளர்ந்த பிள்ளை.

அந்தப் பையன் மறக்காத காட்சி ஒன்று உண்டு. ஒருநாள் வாசலுக்கு மூன்று பேர் வந்தார்கள். விரல்கள் கட்டையாகிப்போனவர்கள், கால் புண்ணைத் துணியால் சுற்றியிருந்தவர்கள். பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார் அம்மா. பால் ஒளிந்து பார்த்தான். யாரையும் தொடத் தயங்காத அப்பா அன்று கையுறை மாட்டிக்கொண்டார். அந்தப் பாதங்களைக் கழுவி, மருந்து தடவி, கட்டினார். அவர்கள் போன பிறகு, அவர்களுக்கு உணவு வைத்துக் கொடுத்த கூடையை எரித்தார்கள். அப்பாவின் முகத்தில் பயம் என்ற ஒன்றைப் பையன் அன்றுதான் பார்த்தான்.

அந்தப் பால்தான் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் விரிய வைத்தவர். விரல்கள் தாமாக அழுகி உதிரவில்லை, வலி தெரியாததால் சூடும் வெட்டும் உரசலும் பட்டுப் பட்டே அழிகின்றன என்று உலகத்துக்குக் காட்டியவர். கரிகிரித் தொழுநோய் ஆஸ்பத்திரியின் பேர் உலகமெங்கும் போனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவரைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதியாயிற்று. எனவே அப்பாவிடமே திரும்புகிறேன்.

முதல் உலகப் போரின் முடிவில் வந்த விஷக்காய்ச்சல் மலையையும் விடவில்லை. வீடு வீடாக ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லாத வீடுகள். பயத்தில் உறவே ஒதுங்கிய நேரம். ஜெஸியும் எவலினும் அரிசிக் கஞ்சி காய்ச்சிப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போய் ஊட்டினார்கள். எதிர்த்து நின்ற அதே பூசாரியும் அவர் மனைவியும் படுக்கையில் விழுந்தபோது, அருகே போனவர்கள் இவர்கள் இருவர்தான். சாகும் தறுவாயில் பூசாரி கேட்டது ஒன்றே ஒன்று. தன் கைக்குழந்தையை இவர்களே வளர்க்க வேண்டும். வளர்த்தார்கள். மலையில் சிலர் கிறிஸ்தவர்களானது அதற்குப் பிறகுதான்.

இந்த நிகழ்ச்சியை வைத்து, பார்த்தீர்களா, எங்கள் சாமி ஜெயித்தது என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கஞ்சி கொண்டுபோனபோது அந்தப் பூசாரி மனம் மாறுவார் என்று அவர்களுக்கு யார் சொன்னது? மாறாமலே பிழைத்து எழுந்திருந்தாலும், மறுபடி எதிர்த்திருந்தாலும், அடுத்த காய்ச்சலுக்கும் அதே வீட்டுக்கு அவர்கள் கஞ்சி எடுத்துப் போயிருப்பார்கள். மருந்தையும் பிஸ்கட்டையும் தூண்டில் புழுவாக்குகிற ஊழியம் எதுவாக இருந்தாலும், அது இந்தத் தம்பதியின் வழி அல்ல. மதமாற்றம் என்ற சொல்லைச் சுற்றி இன்று நடக்கும் சண்டையில் இரண்டு பக்கமும் கத்துகிறவர்கள் இந்த ஒரு குடிசையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1923-ல் பாலையும் அவர் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு ஒன்பது வயது. பிறகு அப்பாவை அவர் பார்க்கவே இல்லை. கடிதங்கள்தான். மரம், பறவை, பூச்சி, மலைப்பாதை என்று பக்கம் பக்கமாக எழுதுவார் ஜெஸி. 1929 ஜூனில் தந்தி வந்தது. மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சலில் அவர் போய்விட்டார். நாற்பதுகளின் நடுவில் வயது. தந்தி வேகமாக வந்துவிட்டது. கப்பல் தபால் மெதுவாக வந்தது. இறந்துபோன அப்பாவின் கடிதங்கள் அதற்குப் பிறகும் சில வாரங்கள் மகனுக்கு வந்துகொண்டிருந்தன.

மலை தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. எவலின் ஊருக்குத் திரும்பிவிடுவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போனார், கொஞ்ச காலம் இருந்தார், திரும்பி வந்துவிட்டார். மிஷன் அவரைச் சமவெளியில் வேலை செய்ய வைத்தது. அவர் கண் மலைமேலேயே இருந்தது. கொல்லிமலையைச் சுற்றியிருக்கும் மற்ற மலைகளுக்கும், பச்சைமலைக்கும் கல்ராயனுக்கும், போக வேண்டும் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். வயதாகிவிட்டது, இனி அனுப்ப முடியாது என்று மிஷன் சொன்னபோது, ஒரே ஒரு வருஷம் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டார். அந்த வருஷம் முடிந்து வழியனுப்பு விழாவும் நடந்தது. அங்கேதான் அறிவித்தார்: மிஷனிலிருந்து ஓய்வு பெறுகிறேன், மலைக்குப் போகிறேன். சிறு குடிசை கட்டச் சாமான்கள் அதற்குள் கல்ராயன் மலைக்கு ஏறிவிட்டிருந்தன. அப்போது அவருக்கு வயது 68 ஆகியிருந்தது.

ஒரு மட்டக்குதிரைமேல் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். எழுபத்தைந்து வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரவெல்லாம் வலியோடு கிடந்தவரை வேலையாள் கண்டு, ஆட்கள் கம்பும் கயிறும் கட்டிய கட்டிலில் சுமந்து மலையிறக்கினார்கள். பிறகு ஜீப்பில் மேடும் பள்ளமுமான நீண்ட சாலை. இத்தோடு போதும் அம்மா என்று மகன் மன்றாடினார். பெரிய டாக்டரின் பேச்சு அம்மாவிடம் எடுபடவில்லை. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு திரும்பவும் மலையேறினார். அதன்பிறகும் ஏறக்குறைய இருபது வருஷம். குதிரை ஏற முடியாத காலத்தில் மலை ஆட்களே அவரைத் தூளி கட்டிச் சுமந்து ஊருக்கு ஊர் கொண்டுபோனார்கள்.

ஒரு கல் சுவரின்மேல் அவர் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் ஊர் ஜனம் நின்று பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்ததை மகன் நினைவுகூர்ந்திருக்கிறார். தோலெல்லாம் சுருங்கிய முகம். ஒரு காலத்தில் லண்டனில் நாகரிகமாக உடுத்திய பெண். கடைசி இருபது வருஷமும் அவர் வீட்டில் கண்ணாடியே இல்லை.

மண்ணைப் பற்றிப் பால் பிராண்ட் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். சின்ன வயதில் மலை வயலில் தவளை பிடிக்கிறோம் என்று பையன்கள் சேர்ந்து நாற்றைக் கலக்கிவிட, ஒரு தாத்தா வந்து நின்றாராம். கையில் சேற்றை அள்ளிக் காட்டி, வாய்க்காலில் கலங்கி ஓடும் தண்ணீரைக் காட்டி, இந்த மண் இறங்கிப் போய்விட்டால் மலைக்குத் திரும்பி வரவே வராது என்று சொல்லிக் கொடுத்தாராம். படிப்பறியாத அந்த மலைவாசி சொன்னதை உலகப் புகழ் பெற்ற டாக்டர் வாழ்நாள் முழுக்க வைத்திருந்தார். மிஷன் பயணம் என்றால் நாம் கொடுக்கிறோம், அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள் என்றுதான் பதினெட்டு வயதில் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அந்த மலை ஊரில் எந்தத் தாத்தாவிடமும் நாங்கள் எதையும் கேட்கவில்லை.

வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் உரிய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1903-ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு ஆட்களை அனுப்பினார்கள். முன்னின்று நடத்திய வி.எஸ். அசரியாவும் அங்கே போனார். 1912-ல் தோர்ணக்கல்லின் பிஷப் ஆனார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப். புது மொழி படித்து, அந்த ஜனங்களோடேயே இருந்து ஊழியம் செய்தவர்கள் அவர்கள். இன்றும் வடக்கே காட்டிலும் மலையிலும் குடும்பத்தோடு தங்கியிருக்கும் தமிழ் ஊழியர்கள் உண்டு. வாரக் கடைசியில் வேன் எடுத்துப் போய்ப் படம் பிடித்துக்கொண்டு வருவதற்கும், அவர்கள் செய்வதற்கும் ஒரே பெயரைச் சொல்வது நியாயமில்லை.

இன்று கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு நல்ல சாலை இருக்கிறது. செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரைமேல் நிற்கிறார். சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் வாழையும் அன்னாசியும் குவிகின்றன. தினையும் சாமையும் விளைந்த நிலம் பெருமளவு ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் மரவள்ளிக்கு மாறிவிட்டது. மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. ஆகாய கங்கை பார்க்கப் போகிறவர்கள் காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடுகிறார்கள்.

எவலின் 1974 டிசம்பரில் காலமானார். வயது 95. பெட்டி வேண்டாம், உடம்பு மலை மண்ணோடு சேர வேண்டும் என்று அவர் கேட்டிருந்ததால், ஒரு பருத்தித் துணியில் சுற்றி, வாழவந்தியில் ஜெஸியின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். கணவர் போய் 45 வருஷம் கழித்து.

மலைக் கிராமத்துக்கு மிஷன் பயணம் போகத் திட்டமிடும் சபைகளுக்கும் வாலிபர் கூட்டங்களுக்கும் என் வேண்டுகோள் இது. பத்து ஊர் வேண்டாம், ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களோடு காயத்துக்குக் கட்டுப் போடத் தெரிந்த ஒருவராவது வரட்டும். ஊரில் யாராவது ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேளுங்கள். இறங்குவதற்கு முன்னால் பேர்களை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தது எப்போது வருவீர்கள் என்று யாரேனும் கேட்டால் தேதியைச் சொல்லுங்கள், அந்தத் தேதியில் போய் நில்லுங்கள்.